கார்த்திகை ஒன்றும் தை பதினைந்தும்: சூரியன் காட்டும் நாள் ஏன் ஒரே நீளத்தில் இல்லை

செங்கோட்டையில் சூரியன் மிகச் சீக்கிரமாக மறைவது கார்த்திகை பிறக்கும் நாட்களில். நவம்பர் 16-ஐ ஒட்டி, கணக்குப்படி மாலை 5.57-க்கே அஸ்தமனம். ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டு, புளியரை வழியாகக் கேரளத்தின் ஆரியங்காவுக்கு வண்டிகள் ஏறத் தொடங்கும் அதே நாட்கள். பகல் மிகக் குறைந்திருக்கும் டிசம்பர் 21 அன்று அஸ்தமனம் 6.07. அதாவது பகல் இன்னும் சுருங்கிக்கொண்டே போகும்போது மாலை மட்டும் பத்து நிமிடம் நீண்டுவிட்டது.

காலைப் பொழுதிலும் இதே குழப்பம். டிசம்பர் 21 அன்று உதயம் 6.31. அதன் பிறகு பகல் வளர ஆரம்பிக்கிறது, ஆனால் விடியல் இன்னும் பின்னால் போகிறது. தை நடுவில், ஜனவரி 29 வாக்கில், 6.42-க்குத்தான் சூரியன் எழுகிறது. "தை பொறந்தும் விடிய மாட்டேங்குதே" என்று அதிகாலையில் பால் பாத்திரத்தோடு கிளம்புகிறவர்கள் சொல்வதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கார்த்திகை ஒன்று: உதயம் 6.14, அஸ்தமனம் 5.57. தை பதினைந்து: உதயம் 6.42, அஸ்தமனம் 6.26. பகலின் நீளம் இரண்டிலும் 11 மணி 43 நிமிடத்தைச் சுற்றித்தான். சூரியன் வானத்தில் தெற்கே இருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முழுப் பகலும் அப்படியே அரை மணி நேரம் அளவுக்குப் பின்னால் நகர்ந்திருக்கிறது. பருவ மாற்றத்தால் வந்ததென்றால் பகலின் நீளம் மாறியிருக்க வேண்டும். அது மாறவில்லை. அப்படியானால் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் நடுவில்தான் ஏதோ விலகியிருக்கிறது.

இது ஏட்டளவில் நிற்கும் விஷயமும் இல்லை. தினசரி காலண்டரில் ராகு காலம் காலை 6 முதல் மாலை 6 வரை என்று பகலை எட்டாகப் பிரித்து அச்சடித்திருப்பார்கள். திங்கள்கிழமை என்றால் 7.30 முதல் 9. உண்மையான உதயத்திலிருந்து பிரித்தால், கார்த்திகை ஒன்றை ஒட்டிய திங்களன்று அது 7.42 முதல் 9.10. தை நடுவில் வரும் திங்களன்று 8.10 முதல் 9.38. ராகு காலம் பார்க்கிறவர் எவரோ, அவர் தன் ஊர் உதயத்திலிருந்து கணக்கிடுவதுதான் முறை. பார்க்காதவருக்கும் இந்த எண்கள் ஒன்றைச் சொல்கின்றன: கடிகாரத்தின் ஆறு மணியும் சூரியனின் ஆறு மணியும் ஒன்றல்ல.

உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்து இதை ஆராய்வது இந்த ஊரில் கொஞ்சம் சிரமம். மேற்கே மலை. மேலே நான் சொன்ன அஸ்தமன நேரம் தட்டையான அடிவானத்துக்கான கணக்கு. செங்கோட்டையிலும் புளியரையிலும் சூரியன் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் தென்மலையில் காலை வெயில் அதேபோலப் பிந்தும். மலை கெடுக்க முடியாத ஒரு நேரம் இருக்கிறது: உச்சி. சூரியன் கிழக்கு வானத்தை முடித்து மேற்கு வானத்துக்குள் நுழையும் கணம். செங்குத்தாக நட்ட கம்பியின் நிழல் சரியாக வடக்கு தெற்காக விழும் நேரம். மலை, பள்ளத்தாக்கு, பகலின் நீளம் எதுவும் இதைப் பாதிப்பதில்லை.

நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. 1906 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. அதற்கு முன் ரயில்கள் சென்னை வானியல் கூடத்தின் நேரப்படி ஓடின. செங்கோட்டை இருப்பது 77¼ பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால், இங்கே உச்சி சராசரியாக 12.21-க்கு வர வேண்டும். கொல்லத்தில் அதற்கும் இரண்டரை நிமிடம் கழித்து. இந்த 21 நிமிடம் ஆண்டு முழுவதும் மாறாதது, புரிந்துகொள்ள எளிதானது. ஆனால் உச்சி 12.21-இல் நிற்பதில்லை. நவம்பர் 3-ஐ ஒட்டி 12.05-க்கே வந்துவிடுகிறது. பிப்ரவரி 11-ஐ ஒட்டி 12.35 ஆகிறது.

இதை நேரடியாகப் பார்க்க விரும்புகிறவர் தென்காசி, கடையநல்லூர் பக்கத்துப் பள்ளிவாசல்களில் மாட்டியிருக்கும் தொழுகை நேர அட்டவணையைப் பார்க்கலாம். உச்சி சாய்ந்த பிறகுதான் லுஹர் தொழுகைக்கு நேரம் ஆரம்பிக்கிறது. அதனால் அந்தப் பத்தியில் உள்ள எண்கள் நவம்பர் தொடக்கத்துக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் அரை மணி நேரம் ஏறியிருக்கும். ஊரில் பொதுவில் தொங்கும் காகிதங்களில், சூரியனின் உண்மையான நடையை நாள்தோறும் பின்தொடரும் காகிதம் அதுதான் என்பது என் எண்ணம்.

நவம்பர் 3-இலிருந்து பிப்ரவரி 11 வரை 100 நாட்கள். அதற்குள் உச்சி அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பின்தங்குகிறது என்றால், ஒவ்வொரு உச்சியும் முந்தைய உச்சிக்குச் சராசரியாக 24 மணி 18 நொடி கழித்து வருகிறது. அப்போது சூரிய நாள் 24 மணி நேரத்தைவிட நீளம். வேறு மாதங்களில் அது குறைவு. ஆண்டிலேயே மிக நீளமான சூரிய நாள் டிசம்பர் 22 வாக்கில் வருகிறது: 24 மணி 30 நொடி. பகல் மிகக் குறைந்த நாளும், உச்சிக்கு உச்சி மிக நீண்ட நாளும் ஒரே சமயத்தில் வருகின்றன. மிகக் குறுகிய சூரிய நாள் செப்டம்பர் நடுவில், 24 மணிக்கு 21 நொடி குறைவு. பழைய அளவில் ஒரு விநாழிகை என்பது 24 நொடி. ஆக டிசம்பரின் கூடுதல் ஒன்றேகால் விநாழிகை. நாளுக்கு இவ்வளவுதான். ஆனால் வாரக்கணக்கில் ஒரே திசையில் சேர்ந்தால் கால் மணி நேரமாகிவிடும்.

சரி, ஏன் இப்படி?

பூமி தன் அச்சில் ஒரு சுற்றை முடிக்க 24 மணி நேரம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது 23 மணி 56 நிமிடம் 4 நொடி. ஒரு நட்சத்திரம் நேற்று நின்ற இடத்துக்கு இன்று திரும்பி வர ஆகும் நேரம் அது, மில்லி நொடிகளுக்குள் மாறாதது. பழைய வானியல் கூடங்களில் கடிகாரத்தைச் சரிபார்க்க நட்சத்திரத்தை நம்பினார்களே தவிர சூரியனை நம்பவில்லை. சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானியல் கூடம் நிறுவியபோது செங்கோட்டை திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது.

சூரியன் விஷயம் வேறு. பூமி சுழன்றுகொண்டே சூரியனையும் சுற்றி வருவதால், ஒரு முழுச் சுற்று முடியும்போது சூரியன் இருக்கும் திசை ஏறக்குறைய ஒரு பாகை கிழக்கே நகர்ந்திருக்கும். அந்த ஒரு பாகையை எட்டிப் பிடிக்க பூமி இன்னும் கொஞ்சம் சுழல வேண்டும். சராசரியாக 3 நிமிடம் 56 நொடி. சுற்று நேரத்தோடு இதையும் சேர்த்தால் 24 மணி. சூரியன் தினமும் ஒரே அளவு நகர்ந்தால் எல்லா நாளும் சமமாக இருந்திருக்கும். நகர்வு ஒரே அளவில் இல்லை. அதற்குக் காரணம் இரண்டு, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை.

முதல் காரணம் பூமியின் வேகம். பாதை சரியான வட்டமில்லை, லேசாக நீண்ட வட்டம். 1609-இல் கெப்ளர் சொன்னது. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனிலிருந்து 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும்போது பூமி நொடிக்கு 30.3 கி.மீ. ஓடுகிறது. ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி கி.மீ. தள்ளிப் போயிருக்கும்போது 29.3 கி.மீ. (மார்கழிக் குளிரில்தான் நாம் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறோம். வெயிலையும் குளிரையும் முடிவு செய்வது தூரமில்லை, அச்சின் சாய்வு.) வேகமும் கூடி, தூரமும் குறைந்திருப்பதால் ஜனவரியில் சூரியன் நாளுக்கு 1.02 பாகை நகர்கிறது, ஜூலையில் 0.95. எட்டிப் பிடிக்க ஆகும் நேரம் ஜனவரியில் 4 நிமிடம் 4 நொடி, ஜூலையில் 3 நிமிடம் 49 நொடி. இந்த ஒரு காரணத்தால் மட்டும் சூரிய நாள் 8 நொடி கூடவும் 8 நொடி குறையவும் செய்கிறது.

இந்த வேக மாற்றத்துக்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் காலண்டரில் தமிழ் மாதங்களின் நாட்களை எண்ணினால் போதும். ஆனி 31 அல்லது 32 நாள். மார்கழி 29 அல்லது 30 நாள். தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியை, அதாவது 30 பாகையைக் கடக்கும் காலம். ஜூன் ஜூலையில் பூமி மெதுவாகப் போவதால் அந்த 30 பாகைக்கு 31½ நாளுக்கு மேல் ஆகிறது. மார்கழியில் 29⅓ நாளிலேயே முடிந்துவிடுகிறது. ஆங்கில மாதங்களுக்கு 30, 31, 28 என்று வருவது வகுத்து வைத்த ஏற்பாடு. நம் மாதங்களின் நீளமோ வானத்தை அளந்து வந்தது. நீள்வட்டம் என்று யாரும் வரைந்து காட்டாத காலத்திலேயே, சூரியன் ஆனியில் மெதுவாகவும் மார்கழியில் விரைவாகவும் செல்கிறது என்று கவனித்துக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பள்ளியில் கெப்ளர் விதியை நடத்தும் ஆசிரியர்கள் முதலில் இந்தக் காலண்டரைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் படம் வரையலாம். பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிபடும்.

மலையாள மாதங்களும் இதே கணக்குதான். ஆனால் மாதத்தின் முதல் நாளை முடிவு செய்யும் விதி எல்லைக்கு எல்லை வேறு. சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் தமிழ் மாதம் அன்றே பிறக்கும். மலையாளக் கணக்கில் பகலின் ஐந்தில் மூன்று பங்கு முடிவதற்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். பிற்பகலில் மாறினால் இங்கே மாதம் ஒன்றாம் தேதி, ஆரியங்காவில் அது பழைய மாதத்தின் கடைசி நாள்.

இரண்டாவது காரணம் அச்சின் சாய்வு, 23.44 பாகை. பலரும் முதல் காரணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டாவதுதான் பெரியது. பூமியின் பாதை சரியான வட்டமாகவே இருந்து, வேகம் மாறாமலே இருந்தாலும், இந்தச் சாய்வினால் மட்டும் நாட்கள் சமமற்றுப் போயிருக்கும்.

பூமியின் சுழற்சியை அளப்பது நிலநடுக்கோட்டின் வழியே. சூரியன் நகர்வதோ அந்தக் கோட்டுக்குச் சாய்வான பாதையில். ஒரு மஞ்சள் பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் காம்பிலிருந்து அடிவரை ஓடும் வரிப்பள்ளங்கள் நடுவயிற்றில் அகலமாகப் பிரிந்தும் காம்பை நெருங்க நெருங்க ஒடுங்கியும் இருக்கும். ஒரே வேகத்தில் ஊரும் எறும்பு நடுவயிற்றைச் சாய்வாகக் கடக்கும்போது, அதன் நடையில் ஒரு பங்கு மேலே ஏறுவதில் போய்விடும். பக்கவாட்டில் வரிகளைக் கடப்பது குறையும். அதே எறும்பு மேலே, வரிகள் ஒடுங்கிய இடத்தில் பக்கவாட்டாகவே நடந்தால் மளமளவென்று வரிகளைத் தாண்டும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நடுக்கோட்டைச் சாய்வாகக் கடக்கிறது. பூமி எட்டிப் பிடிக்க வேண்டிய தூரம் குறைகிறது, சூரிய நாள் 20 நொடி சுருங்குகிறது. ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் நடுக்கோட்டிலிருந்து மிகவும் விலகி அதற்கு இணையாக நகர்கிறது. எட்டிப் பிடிக்க வேண்டிய தூரம் கூடுகிறது, நாள் 21 நொடி நீள்கிறது.

இனி இரண்டையும் சேர்க்கலாம். டிசம்பர் கடைசியில் சாய்வும் நாளை நீட்டுகிறது, வேகமும் நீட்டுகிறது: 21-உம் 8-உம் சேர்ந்து, ஒன்றின் விளைவை மற்றது இன்னும் சற்றுக் கூட்டுவதால் 30 நொடி. ஜூன் கடைசியில் சாய்வு நீட்ட, வேகம் குறைக்க, மிஞ்சுவது 13 நொடி. மார்ச் கடைசியில் 18 நொடி குறைவு, செப்டம்பர் நடுவில் 21 நொடி குறைவு. ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலையும் இரண்டு முறை ஏறி இறங்கும் அலையும் ஒன்றன் மேல் ஒன்று விழுவதால்தான் சூரியனும் கடிகாரமும் ஆண்டில் நான்கு முறை மட்டும் ஒத்துப்போகின்றன: ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 வாக்கில்.

இந்த இரண்டு திருத்தங்களும் நம் பஞ்சாங்கக் கணிதத்தில் தனித்தனியே உண்டு. வேக மாற்றத்துக்கானது புஜாந்தரம். சாய்வுக்கானது உதயாந்தரம், 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய சித்தாந்த சிரோமணியில் அது இருக்கிறது. கேரளத்தில் திரூருக்குப் பக்கத்தில் திரிக்கண்டியூரில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி 1500 வாக்கில் இயற்றிய தந்திரசங்கிரகமும் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் கையாள்கிறது. ஒரே விளைவாகக் கண்ணுக்குத் தெரிவதை இரண்டு காரணங்களாகப் பிரித்தெடுப்பது எளிதல்ல. அதைச் செய்தவர்கள் நிழலையும் நீர்க்கடிகையையும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

செங்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சோதித்துப் பார்க்க ஒரு தனி வசதி உண்டு, பெரும்பாலான ஊர்களுக்குக் கிடைக்காத வசதி. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரக் கம்பியை நடவும். கொத்தனாரின் தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்து, சாய்வு கொஞ்சமும் இல்லாமல் நிறுத்த வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, கைபேசியில் சரியாக 12.21 ஆகும்போது நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்துத் தேதி எழுத வேண்டும். டிசம்பர் 25 அன்று விழும் நிழல்தான் நேர் வடக்கு. அந்த வழியே ஒரு கோடு இழுத்துவிட்டால் மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம்.

சூரியன் கடிகாரத்தோடு ஒத்து ஓடினால் எல்லாப் புள்ளிகளும் அந்தக் கோட்டின் மேலேயே விழும். விழாது. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் முந்திப் போயிருப்பதால் 12.21-க்குள் மேற்கே சாய்ந்திருக்கும். நிழல் நுனி கோட்டுக்குக் கிழக்கே ஏழு செ.மீ.க்கு மேல் தள்ளி விழும். பிப்ரவரி நடுவில் சூரியன் பிந்தியிருக்கும், நுனி மேற்கே ஆறரை செ.மீ. அளவுக்கு விலகும். புள்ளிகளை இணைத்தால் ஒரு எட்டு கிடைக்கும், ஒரு வளையம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும்.

எட்டு எல்லா ஊரிலும் கிடைக்கும். இங்கே சிறப்பு அது குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம். ஏப்ரல் 13-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 30-ஐ ஒட்டியும் சூரியன் நடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே நிற்கிறது; அந்த இரண்டு நாட்களிலும் கடிகாரத்தோடு உள்ள விலகலும் ஒன்றே, ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதனால் எட்டின் முடிச்சு 9 பாகையில் விழுகிறது. செங்கோட்டையின் அட்சரேகை 8.97 பாகை. ஆக, முடிச்சு சரியாகத் தலைக்கு மேலே. தரையில் அது கம்பியின் அடியிலேயே விழுகிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி 12.21-க்குக் கம்பிக்கு நிழலே இருக்காது. பெரிய வளையம் கம்பிக்கு வடக்கே டிசம்பரில் 63 செ.மீ. வரை நீளும், சிறிய வளையம் தெற்கே ஜூனில் 26 செ.மீ. வரை. நடுவில் கம்பி. சென்னையிலோ கோவையிலோ இதே கம்பியை நட்டால் முடிச்சு வடக்கே தள்ளிப் போய்விடும்.

தெற்கு வளையத்தை முழுசாகப் பிடிப்பது மட்டும் கடினம். ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரல் இங்கேயும் மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். அடுத்து ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வாரத்துக்கு ஒரு நாள் என்று பிடிவாதமாக இருக்காமல், வெயில் அடித்த எந்த நாளிலும் 12.21-க்குப் புள்ளி வைத்துவிட வேண்டும். தொடங்க நல்ல மாதம் ஜனவரி. அப்போதிலிருந்து ஏப்ரல் வரை மதிய வெயில் பெரும்பாலும் ஏமாற்றாது, உச்சி 12.35 வரை பின்தங்கிப் போய், அப்புறம் 12.21-க்குத் திரும்பி வருவதை அந்த நான்கு மாதத்துக்குள்ளேயே தரையில் பார்த்துவிடலாம்.